வெள்ளத்தாயி வட்டம்

தாவரங்களுக்குப் பெயர் வைப்பது என் தொழில். முப்பத்தொரு வருடத்தில் நான் புதிதாகக் கண்டுபிடித்த இனங்களின் எண்ணிக்கை ஒன்று. அந்த ஒன்றும் இருநூறு வருடத்துக்கு முன்பே பெயர் வைக்கப்பட்ட செடிதான் என்று ஒரு செக் நாட்டு அறிஞர் ஏழே மாதத்தில் நிரூபித்துவிட்டார். மிகுந்த மரியாதையோடு நிரூபித்தார். கட்டுரையின் முடிவில் எனக்கு நன்றிகூடச் சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று என் மனைவி கேட்டாள். அவள் கேலி செய்தாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆகையால், ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருக்கும்போது ஊசிமேட்டுச் சோலையில் அந்தக் கொடியை நான் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. வழுக்கினேன், மல்லாக்க விழுந்தேன், கண்ணைத் திறந்தேன். மேலே அது இருந்தது.

"சார், எந்திரிக்கிறீங்களா, இல்ல படுத்துக்கிட்டே ஆராய்ச்சி பண்ணப் போறீங்களா?" என்றாள் வெள்ளத்தாயி.

அவள் வனக்காவலுக்குத் தினக்கூலியாகச் சேர்ந்தவள். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை. சோலைக்கு நடுவே பதினோரு வீடுகள் உள்ள கூடம்பாறைக்குடி அவளுடைய ஊர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் அந்த ஊர் தெரியாது, மேகம்தான் தெரியும். அந்தக் காட்டில் மேகம் வந்து உட்கார்ந்துவிட்டால் எழுந்து போக அதற்கு மனம் வராது. மழை பெய்யாத நாளிலும் மரமெல்லாம் சொட்டிக்கொண்டே இருக்கும்.

கொடியின் தண்டு என் மணிக்கட்டுப் பருமன். நகத்தால் கீறினால் பால் வந்தது. எருக்கங் குடும்பம். பூ ஒரு ரூபாய் அளவு, புளித்த தோசைமாவு நிறம், அதில் பழுப்புப் புள்ளிகள். கருவாட்டு வாடை. சுற்றிலும் ஈக்கள். உலகத்தில் வேறு யாரும் அதை அழகு என்று சொல்லமாட்டார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இதுக்கு என்னம்மா பேரு?"

"கொடி."

"கொடி சரி. என்ன கொடி?"

"கொடின்னா கொடிதான் சார். உங்க வீட்டுல சோத்துக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?"

பேச்சை அவள் முறிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். குறிப்பேட்டில் 'உள்ளூர்ப் பெயர்: இல்லை' என்று எழுதினேன்.

"காய் ஒண்ணுமே காணமே."

"அது காய்க்காது சார்."

பருவம் இல்லை போலும் என்று எடுத்துக்கொண்டு, 'காய், கனி: காணக் கிடைக்கவில்லை' என்று எழுதினேன். 'பயன்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்குள் காலுறைக்குள் ஒன்பது அட்டைகள் புகுந்துவிட்டன. 'தெரியவில்லை' என்று போட்டுவிட்டு அட்டைகளைப் பிடுங்க உட்கார்ந்தேன். பயன் என்ன என்று அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இரண்டு நாள் சுற்றினோம். அறுபத்தொரு கொடிகள் எண்ணினேன். மழை வலுத்ததும் இறங்கிவிட்டேன்.

கல்லூரியில் என்னிடம் ஆய்வு செய்யும் ஷமீமா கட்டுரையைத் தட்டச்சு செய்தாள். உத்தமபாளையத்துப் பெண். என்னைவிடப் புத்திசாலி. அதை மறைக்க அவள் எடுக்கும் முயற்சிகள் எனக்குப் பிடிக்கும்.

"பேர் என்ன சார் வைக்கிறது?"

தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக்கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். உதவியவர் பெயரை வைக்கலாம். லத்தீன் வால் ஒட்டி, 'வெள்ளத்தாயியே' என்று வைத்தேன். ஷமீமா இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு சார், யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு," என்றாள்.

கடைசி வரியாக, எல்லோரும் எழுதுகிற அந்த வாக்கியத்தை நானும் எழுதினேன்: 'இந்த ஓரிடத்தில் மட்டுமே இருப்பதாக அறியப்படுகிறது.' முந்நூறு வருடமாகத் தாவரவியலாளர்கள் இதை எழுதிவருகிறோம். இதன் பொருள், வேறெங்கும் போய்ப் பார்க்க எங்களுக்கு நேரமோ முழங்காலோ இல்லை என்பதுதான். மனிதர்கள் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

இப்போது படிப்பது உயிர்ப் பதிவேடு. அது ஓர் இயந்திரம். புது இனம் ஒன்றின் விவரம் கிடைத்ததும் படித்து, அழியும் நிலையில் இருந்தால் அதைச் சுற்றி ஒரு காப்பு வட்டம் போட்டுவிடும். கோப்பு கிடையாது, கமிட்டி கிடையாது, லஞ்சம் கிடையாது. ஒரு காலத்தில் வட்டம் போடச் சொல்லி மனு கொடுத்துவிட்டு இருபது வருடம் காத்திருப்போம், அதற்குள் சோலை தேயிலையாகிவிடும். அதனால்தான் இயந்திரத்திடம் ஒப்படைக்கவேண்டும் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். மதுரையில் ஒரு கூட்டத்தில் இருபது நிமிடம் பேசினேன். 'முகம் பார்க்காத நீதி' என்ற சொற்றொடர் என்னுடையதுதான். கைதட்டினார்கள்.

கட்டுரையை அனுப்பிப் பதினோராவது நிமிடம் பதில் வந்தது. இனம் ஏற்கப்பட்டது. நூற்றுக்கும் குறைவான எண்ணிக்கை, ஒரே இடம், காய்ப்பதற்குச் சான்று இல்லை: மிக ஆபத்தான நிலை. நான்கு கிலோமீட்டர் ஆரத்தில் காப்பு வட்டம். வட்டத்துக்குள் மனிதர் இருபத்தெட்டு நாளில் விலக்கப்படுவார்கள்.

நான் முதல் இரண்டு வார்த்தையை மட்டும் படித்துவிட்டு மொத்தத் துறைக்கும் மைசூர்பாகு வாங்கிவரச் சொல்லிவிட்டேன்.

மிச்சத்தை ஷமீமாதான் படித்தாள்.

*

நாங்கள் கூடம்பாறைக்குப் போய்ச் சேருமுன்பே அறிவிப்பு போய்விட்டிருந்தது. பள்ளிக்கூடக் கதவில் ஒட்டியிருந்தார்கள். மேலே பெரிய எழுத்தில் 'வெள்ளத்தாயி வட்டம்'. கீழே பதினோரு குடும்பத் தலைவர்களின் பெயர்கள். ஆறாவது பெயர் வெள்ளத்தாயி.

அவள் என்னைத் திட்டவில்லை. அதைத்தான் எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

"ஏன் சார்," என்றாள், "என் பேரைச் சொல்லியே என்னைத் தொரத்துறீங்களே. வேற யாரு பேரும் கெடைக்கலையா?"

"மரியாதைக்கு வெச்சேன்மா."

"அது சரி. மரியாதையில்லாம வெச்சிருந்தா என்ன ஆயிருக்குமோ."

ஆண்டிபட்டிப் பக்கம் தொகுப்பு வீடுகள் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஷமீமா சொன்னாள். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மின்விசிறி உண்டு.

"எனக்குத் தெரியும் கண்ணு. எங்க பெரியப்பன் குடி அங்கதான் போச்சு. முப்பது பேர் போனாங்க. விசிறி சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. ஆளுதான் பத்து பேரு மிச்சம்." பிறகு என்னைப் பார்த்து, "கட்டுரையைத் திரும்ப வாங்கிருங்க சார்," என்றாள். கடையில் சட்டையை மாற்றிவரச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"முடியாதும்மா. வெச்ச பேரை எடுக்க முடியாது. எங்க தொழிலே அதுதான்."

"அப்ப இன்னொரு எடத்துலயும் இருக்குன்னு காட்டினா?" இதைக் கேட்டது அவளுடைய மகள் அனுசியா. பத்தொன்பது வயது. தேனியில் நர்சிங் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள், ஒரு மாத விடுமுறையில் வந்திருந்தாள்.

"காட்டினா வட்டம் போயிடும்," என்றாள் ஷமீமா.

பன்னிரண்டு நாள் தேடினோம். பக்கத்துச் சோலைகள் எல்லாம், ஓடைகள் எல்லாம். என் முழங்கால்கள் இரண்டும் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டன. ஒரு கொடிகூட இல்லை. முதன்முறையாக என் வாக்கியம் உண்மையாகியிருந்தது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் ஒரு பாறையில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தோம். நான் விரக்தியில், "இந்தச் சனியன் ஏன் இங்க மட்டும் மொளைக்குது?" என்றேன்.

"மொளைக்குதா?" வெள்ளத்தாயி ஷமீமாவைப் பார்த்துச் சிரித்தாள். "சார் என்ன சொல்றாரு? நாங்க நடுறோம்."

கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தேன்.

"நடுறீங்களா?"

"புள்ள பொறந்தா தேன்மரத்தடியில ஒரு கொடி வெட்டி நடுவோம். பதினாலு, பதினஞ்சு வருசத்துல ஆளு ஏறுற பலம் வந்துரும். புள்ளயும் தேனெடுக்கிற வயசுக்கு வந்துரும். அவங்கவங்க கொடியிலதான் அவங்கவங்க ஏறணும்."

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"நீங்க பேரைத்தானே கேட்டீங்க."

"அறுபத்தொண்ணு எண்ணினேன். நீங்க நாப்பத்திமூணு பேர்தானே?"

"மிச்சம் செத்தவங்களுது. அதுல யாரும் ஏற மாட்டோம்."

ஷமீமா தன் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். ஒன்றும் எழுதவில்லை. சும்மா கையில் வைத்துக்கொண்டாள். அவள் யோசிப்பது எனக்குப் புரிந்தது. இந்தக் கொடி காய்ப்பதில்லை, விதை இல்லை. எத்தனையோ தலைமுறையாக மனிதக் கை வெட்டி நட்டுத்தான் அது உயிரோடு இருக்கிறது. மனிதர்களை இறக்கிவிட்டால், இருக்கிற மரங்கள் விழும்போது கொடிகளும் விழும். நட ஆள் இல்லை. நான் கொடியைக் காப்பாற்றுவதற்காக அதன் வேரைப் பிடுங்கியிருந்தேன்.

"சார்," என்றாள் ஷமீமா, "அத்தி மரத்துக்கு வட்டம் போட்டா இருவாச்சிப் பறவையை வெரட்ட மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க. அது பழம் தின்னு விதையைப் பரப்புது."

"பதிவேட்டுல அதுக்கு ஒரு கட்டம் இருக்கு. 'பரப்பும் உயிர்'. பரப்பும் உயிரை வட்டத்துலேர்ந்து வெளியேத்தக் கூடாது."

"அது விலங்குகளுக்கு."

"விலங்குன்னுதான் போட்டிருக்கு. மனுஷன் நீங்கலான்னு எங்கயும் போடல."

நான் சிரித்தேன். நல்ல நகைச்சுவை என்றேன். பாறையிலிருந்து இறங்கி ஊருக்கு வந்தோம். வந்ததும் பதிவேட்டைத் திறந்து தட்டச்சு செய்தேன். பரப்பும் உயிர்: ஹோமோ சேப்பியன்ஸ். எண்ணிக்கை: 43. வாழிடம்: கூடம்பாறை. பரப்பும் முறை: தண்டை வெட்டி நடுதல். சான்றாக, அனுசியா பிறந்தபோது நட்ட கொடியின் படத்தையும் அவள் அதில் ஏறி நிற்கும் படத்தையும் இணைத்தேன்.

பதினான்கு நிமிடம். ஏற்கப்பட்டது. வெளியேற்றும் ஆணை நீக்கப்பட்டது.

அன்று கூடம்பாறையில் வரக்காப்பியும் பாட்டும் நடந்தது. எனக்கு ஆடத் தெரியாது. அதை நான் பொருட்படுத்தவில்லை என்று பிறகு ஷமீமா படம் காட்டினாள்.

"அப்ப நாங்க இருவாச்சி மாதிரியா சார்?" என்று கேட்டாள் வெள்ளத்தாயி.

"காகிதத்துல மட்டும்."

"இருவாச்சிக்கு ரேசன் கார்டு உண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

*

ரேஷன்தான் முதலில் நின்றது. காப்பு வட்டத்துக்குள் இருக்கும் உயிர்களுக்கு வெளியிலிருந்து உணவு கொடுப்பது விதிப்படி குற்றம். குரங்குக்கு முறுக்குப் போடுவதைத் தடுக்க எழுதிய விதி. பிறகு பள்ளிக்கூட வாத்தியார் வருவது நின்றது. அவர் வட்டத்துக்குள் நுழையும் மனிதர். பிறகு காப்பு வட்ட அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் அடையாள வில்லைகளோடு வந்தார்கள். காதில் மாட்டவேண்டும் என்பது விதி. வந்த அதிகாரிக்கு அழுகை வந்துவிட்டதாம். கையில் வளையம்போல மாட்டிவிட்டு, 'காது' என்று எழுதிக்கொண்டு போனார்.

வில்லை மாட்டியவர்கள் வட்டத்தைத் தாண்டினால் கம்பம் சாலையில் நிற்கும் உணரிக்கோல் கத்தும். உடனே வண்டி வந்து, மிகவும் மென்மையாக, மீண்டும் உள்ளே கொண்டுவந்து விட்டுவிடும். மென்மை கட்டாயம். பரப்பும் உயிரைப் பயமுறுத்தக்கூடாது.

நான் பதினேழு மேல்முறையீடுகள் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் அரை மணிக்குள் பதில் வந்தது, அதுதான் கொடுமை. பதில் எப்போதும் ஒன்றுதான்: 'பரப்பும் உயிர் என்ற தகுதியை நீக்கினால் இருபத்தெட்டு நாள் நடைமுறை மீண்டும் தொடங்கும். நீக்கவா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்.

ஊர் கூடிப் பேசினார்கள். கைதூக்கி முடிவு செய்தார்கள். இருப்பது என்று முடிவு.

"காட்டுல மிருகமா இருக்கலாம் சார்," என்றாள் வெள்ளத்தாயி. "ஆண்டிபட்டியில மனுசனா இருக்க எங்களால ஆகாது."

அனுசியா மட்டும் கைதூக்கவில்லை. வில்லை மாட்ட வந்த நாளில் அவள் ஊரில் இருந்தது தற்செயல். விடுமுறை முடிய இரண்டு நாள் இருந்தது. கல்லூரிக்குப் போக அனுமதி கேட்டு நானே எழுதினேன். 'இனப்பெருக்க வயதுப் பெண். இடம்பெயர்த்தல் பரிந்துரைக்கப்படவில்லை' என்று வந்தது. அதை அவளிடம் எப்படிப் படித்துக்காட்டுவது என்று நான் திணறியபோது அவளே கைப்பேசியை வாங்கிப் படித்தாள். "கல்யாணத் தரகர்கூட இவ்வளவு பச்சையா எழுத மாட்டான் சார்," என்றாள்.

ஒரு வருடம் ஓடியது. இனத்தை விவரித்த ஆசிரியர் என்ற முறையில் ஆண்டுக் கணக்கெடுப்புக்கு எனக்கும் உதவியாளர் ஒருவருக்கும் மூன்று நாள் அனுமதி. நானும் ஷமீமாவும் போனோம். அறுபத்தொரு கொடிகளும் நலம். இன்னும் இரண்டு நட்டிருந்தார்கள், பிள்ளை இரண்டு பிறந்து ஊர் நாற்பத்தைந்தாகியிருந்தது. பதிவேடு என்னைப் பாராட்டியது. உலகத்தில் நிலை முன்னேறிவரும் பத்தே இனங்களில் இதுவும் ஒன்றாம்.

இரண்டாம் நாள் காலை வெள்ளத்தாயி எங்களை வீட்டுக்குப் பின்னால் கூப்பிட்டாள். கல்லூரியிலிருந்து அனுசியாவின் கைப்பேசிக்குக் கடிதம் வந்திருந்தது. ஒரு வருடத்துக்குமேல் வராவிட்டால் இடம் ரத்து. பதினைந்து நாள் கெடு.

"இவளை வெளிய அனுப்ப ஒரு வழி சொல்லுங்க சார். கட்டம் கட்டமா எழுதி உள்ள வெச்சீங்கல்ல. அதே மாதிரி ஒரு கட்டத்துல எழுதி வெளிய விடுங்க."

நான் ஷமீமாவைப் பார்த்தேன். அவள் வெகு நாளாகவே யோசித்து வைத்திருந்தது முகத்தில் தெரிந்தது.

"ஒரு கட்டம் இருக்குக்கா," என்றாள். "இறப்பு."

மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன.

"வில்லையைக் கழட்டிப் பொதைச்சிரணும். ஆனா அது போதாது. யானை செத்தா கூட்டம் அந்த எடத்துல நின்னு துக்கம் காட்டும்ல, அதைக் கேமராவுல பாத்துத்தான் பதிவேடு இறப்பை உறுதி பண்ணும். கூட்டமா வாழற எல்லா உயிருக்கும் அதே விதி."

"அப்ப நான் அழணும்," என்றாள் வெள்ளத்தாயி.

"ஆமா."

"கேமராவுக்கு."

"ஆமாக்கா."

"சினிமாவுல அழுதவங்கல்லாம் மந்திரி ஆயிட்டாங்க. என்னை என்ன ஆக்குவாங்கன்னு பாப்போம்."

நான் படிவத்தைத் திறந்தேன். இறப்பின் காரணம் என்று ஒரு பட்டியல் வந்தது: வேட்டை, மின்சாரம், வாகனம், நோய், பாம்பு, வீழ்ச்சி, முதுமை.

"எதுல சாகறே, சொல்லு," என்றேன் அனுசியாவிடம். குரலை வேடிக்கையாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"பாம்புன்னு போடுங்க சார்."

"நர்சிங் படிச்ச பொண்ணு பாம்பு கடிச்சு சாகலாமா? உன் காலேஜுக்கு அவமானம்."

"அப்ப கொடியிலேர்ந்து விழுந்துட்டேன்னு போடுங்க."

"அதெல்லாம் எழுதாதீங்க," என்றாள் வெள்ளத்தாயி சட்டென்று. "என் பொண்ணு கொடியில தவற மாட்டா. பாம்பே கடிக்கட்டும்."

பாம்பு என்று போட்டேன்.

"இன்னொண்ணு சொல்லணும்," என்றாள் ஷமீமா. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "செத்தவங்க பேரு மறுபடி பட்டியல்ல சேராது. அனுசியா திரும்ப உள்ள வந்தா அத்துமீறின மனுஷின்னு எடுத்துக்கும். குடியோட தகுதி மொத்தமும் போயிடும்."

"எத்தனை வருசத்துக்கு?"

"வருசக் கணக்கு இல்லக்கா."

வெள்ளத்தாயி மகளின் தோளில் ஒட்டியிருந்த ஒரு சருகை எடுத்துப் போட்டாள். இல்லாத இன்னொரு சருகையும் எடுத்துப் போட்டாள். "சரி. பொம்பளப் புள்ள கட்டிக் குடுத்தாலும் போறவதானே," என்றாள்.

"கட்டிக் குடுத்தா தீபாவளிக்கு வருவா," என்றேன்.

முப்பத்தொரு வருடத்தில் நான் எத்தனையோ அசட்டுத்தனங்கள் பேசியிருக்கிறேன். அதைப் போல ஒன்றை இனி பேசமாட்டேன் என்று நம்புகிறேன். வெள்ளத்தாயி என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய், மகளின் துணிகளை ஒரு உரச்சாக்கில் மடித்து வைக்க ஆரம்பித்தாள். ஸ்வெட்டர் வேண்டாம், தேனியில் வெயில் என்றாள் அனுசியா. இருக்கட்டும் என்றாள் அவள். இரண்டு பேரும் ஸ்வெட்டரைப் பற்றிக் கால் மணி நேரம் சண்டை போட்டார்கள்.

மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அனுசியா வில்லையைக் கழற்றித் தாயின் கையில் கொடுத்தாள். ஷமீமா குடியிலேயே தங்கிக்கொண்டாள், கணக்கெடுப்பின் கடைசிக் கையெழுத்து அவளுடையது. நான் அனுசியாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டேன். வெள்ளத்தாயி ஜீப் வரைக்கும் வரவில்லை. கேமராக்கள் இருக்கும் சுடுகாட்டு மேட்டுக்கு ஊரோடு போய்விட்டாள். மகள் செத்த நேரத்தில் தாய் மகளை வழியனுப்பிக்கொண்டிருக்க முடியாதல்லவா.

உணரிக்கோல் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. வில்லை இல்லாத மனிதர்களை அது பார்ப்பதேயில்லை. அதைத் தாண்டி முதல் வளைவில் நிறுத்தினேன். பதிவேடு ஏற்காவிட்டால் அவளைத் திருப்பிக் கொண்டுபோய் விடவேண்டும், அதனால் ஒப்புதல் வரும்வரை நான் மலையை விட்டு இறங்கக்கூடாது. மேகம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

மேட்டிலிருந்து குரல் இறங்கிவந்தது.

முதலில் அவள் பெயரைத் தெளிவாகச் சொல்லிச் சொல்லி அழுதாள். முழுப்பெயர். அனுசியா, அனுசியா என்று, பட்டியலில் இருக்கிறபடி. இயந்திரத்துக்கு விளங்கவேண்டுமே என்று.

"அம்மா ரொம்ப ஓவரா பண்ணுது," என்றாள் அனுசியா. சிரித்தாள். "வீட்டுல என்னை அனுசியான்னு கூப்பிட்டதே இல்ல."

கொஞ்ச நேரத்தில் பெயர் நின்றுபோயிற்று. பிறகு வந்ததில் வார்த்தை ஏதும் இல்லை.

அனுசியாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, எடுத்துவைக்க மறந்ததுபோல. நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நிமிடம் வந்தது: 'இறப்பு உறுதி செய்யப்பட்டது. துக்க நடத்தை: மிகத் தெளிவு. பரப்பும் உயிர்களின் எண்ணிக்கை: 44.'

வாக்கி-டாக்கியை எடுத்து ஷமீமாவைக் கூப்பிட்டேன். "ஏத்துக்கிச்சு. வெள்ளத்தாயிகிட்ட சொல்லு, போதும்னு."

இரைச்சலுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. "எனக்கும் வந்துச்சு சார். ரெண்டு தடவை சொல்லிட்டேன். காதுகிட்டப் போய்ச் சொன்னேன்."

"அப்புறம்?"

"நிறுத்த மாட்டேங்கிறாங்க சார்."

அனுசியாவின் கை கதவின் பிடியில் இருந்தது. நான் வண்டியை எடுத்தேன்.